குக்கர் விசாரித்த கண்டக்டர்

எங்கள் வீட்டுக் குக்கர் போன வாரம் உயிரை விட்டது. முதலில் கைப்பிடி ஆடியது. பிறகு மூடி நெளிந்தது. கடைசியில் புது கேஸ்கட் போட்டாலும் ஓரத்தில் தண்ணீரைக் கக்க ஆரம்பித்தது. ரிப்பேர் பார்க்கிறவர் மூடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிருங்கக்கா" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து என் கணவர் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். உலகத்தில் எத்தனை குக்கர் உண்டோ அத்தனையும் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே வாங்கினவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியவர்களை இவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களைத் தேடித் தேடி வாசிக்கிறார். நான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டுவிட்டு, அது எப்போது வேகும் என்று நின்றுகொண்டிருக்கிறேன்.

"ஏதாவது ஒண்ண வாங்குங்களேன்" என்றேன்.

"நல்லத யாரு வேணும்னாலும் சொல்லுவான். குறை என்னன்னு தெரிய வேண்டாமா?" என்றார்.

கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். குரல்கூட அதேதான். என் மாமனார் இறந்து இத்தனை வருடம் கழித்து, குக்கர் விசாரிக்க மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டாரோ என்று அலுப்பாக இருந்தது. அலுப்புக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று இந்தப் பக்கத்து ரூட்டிலேயே காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் அவருக்கு உட்கார வராது. பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் பின் படிக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்துகொண்டு நிற்பார். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர்கள், "உக்காருங்க அண்ணாச்சி, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று கெஞ்சுவார்கள். "நீ உன் சோலியப் பாரு" என்பார். ஒல்லியான உடம்பு. அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய குரல். வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருக் கடைசி வரைக்கும் கேட்கும்.

எதை எடுத்தாலும் அதன் குறையைக் கேட்பது அவருடைய பழக்கம். மாம்பழக் காலத்தில் தெருவில் சப்பட்டை மாம்பழக் கூடையோடு வருகிற அம்மாவை நிறுத்துவார். "இதுல எது புளிக்கும்னு சொல்லு." அந்த அம்மா, "எல்லாம் கல்கண்டுய்யா" என்றால் வாங்க மாட்டார். "இந்த ஓரத்துல கெடக்கிறது செத்த புளிக்கும்" என்று சொல்லிவிட்டால் கூடையில் பாதியை வாங்கிவிடுவார், அந்த ஓரத்துப் பழத்தையும் சேர்த்து. என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டபோது நாங்கள் வேலைக்குப் போயிருந்ததால் இவர் போனார். டீச்சர், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். "அது இருக்கட்டும், குறையச் சொல்லுங்க" என்று இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் அந்த டீச்சர், பக்கத்துப் பிள்ளையோடு பேசுகிறாள் என்று ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து, "நல்ல டீச்சர்" என்றார்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில். மாமா அங்கே வைத்தியத்துக்கு வந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாத்திரை என்ன கெடுதல் செய்யும்?" என்று கேட்காமல் நகர மாட்டார். டாக்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமனார் வந்தா எனக்குத்தாம்மா பிரஷர் ஏறுது" என்றார். நாள் முழுக்க மேசைக்கு வருகிறவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே இவர் புதுக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பார். அவரைப் பிடிக்காமல் போன நாட்கள் உண்டு. பிடித்த நாட்கள்தான் அதிகம்.

என்னைப் பெண் பார்க்க வன்னியம்பட்டிக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. என் அப்பா என் படிப்பு, சமையல், சர்ச்சில் பாட்டுப் பாடுவது என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேராக என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒங்கிட்ட என்ன குறை?" என் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "காலைல சீக்கிரம் எந்திரிக்க வராது. கோவம் வந்தா பேச மாட்டேன்" என்றேன். மாமா முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும்" என்று காபியை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மகனைக் காட்டி, "இவன் குறட்டை விடுவான். சட்டையக் கழட்டுனா கழட்டுன எடத்துலயே போடுவான். ஒரு வேலை சொன்னா நாலு நாள் கழிச்சுச் செய்வான். பொறவு நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது" என்றார். அட்சரம் பிசகாத உண்மை. இப்போது போனோடு உட்கார்ந்திருப்பவர் அந்த மகன்தான்.

இந்தப் பழக்கம் அவரோடு பிறந்ததில்லை. எனக்கு அதைச் சொன்னது மதினி, அதாவது என் கணவரின் அக்கா. நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். மதினி சேத்தூரில் வாழப் போனவர். புருஷன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தையல் மிஷினும் ஒரு அஞ்சு லிட்டர் குக்கருமாக அப்பா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். இரண்டும் மாமா சீராகக் கொடுத்து அனுப்பியவை.

அந்தக் கல்யாணத்தில் மாமா நம்பியது ஓலையை. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று குருவானவர் வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது சும்மா ஒரு முறைக்கு. அந்த நேரத்தில் ஆட்கள் செருமிக்கொள்வார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள், முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். மாமா ஒருவர்தான் அதை நிஜமான கேள்வி என்று நம்பினார். சேத்தூர் சபையிலும் வாசித்தார்கள், இங்கேயும் வாசித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் மாப்பிள்ளையிடம் குறை இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கல்யாணம் முடிந்த பிற்பாடு ஒவ்வொருத்தராக வந்து சொன்னார்களாம். "எங்களுக்கு அப்பமே தெரியும். நீங்க மனசு கஷ்டப்படுவீயன்னுதான் சொல்லல." அப்படிச் சொன்னவர்களில் பலர் தினமும் அவர் பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவர் யாருக்கெல்லாம் சில்லறை தேடிக் கொடுத்தாரோ, யாருடைய மூட்டையை ஏற்றி இறக்கினாரோ, அவர்கள். அதிலிருந்து மாமாவுக்கு இந்தக் குறை கேட்கிற வியாதி பிடித்துக்கொண்டது.

சேத்தூர் போய் வந்த அந்தக் குக்கர்தான் எங்கள் ஐந்து பேருக்கும் பொங்கிப் போட்டது. மாமா, மதினி, நாங்கள் இரண்டு பேர், எங்கள் சின்ன மகள். ஒரு நாள் காலையில் அதன் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய், சாம்பாருக்கு வைத்த பருப்பு முழுவதும் மேலே கூரையில் அப்பிக்கொண்டது. அடியும் உப்பிப்போனது. மதினி கறிவேப்பிலை பறிக்க வெளியே போயிருந்ததால் தப்பித்தார். சத்தம் கேட்டு வந்த மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மதினியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். குக்கரைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் தூக்கி வைத்த பிறகுதான், "புதுசு வாங்கணும். விசாரிச்சுட்டு வாங்குவோம்" என்றார்.

அதைக் கேட்டதும் மதினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அந்த வீட்டில் வேறொரு விசாரணை ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது.

வ. புதுப்பட்டியில் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் மாவும் வைத்திருந்தார். மதினியைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று எங்கள் குருவானவர் மூலமாகக் கேட்டிருந்தார். ஒரு தடவை இரண்டு பேரும் சர்ச் வாசலில் வைத்துப் பேசினார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துபோன பேச்சு. மதினி வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டில் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் புதுப்பட்டிக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார். டீக்கடை, உரக்கடை, சலூன், அந்த ஊர் சபை என்று ஒரு இடம் விடவில்லை. "அவரு எப்படி ஆளு? நல்லத விடுங்க, குறையச் சொல்லுங்க." சாயந்திரம் திரும்பி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவார்.

"என்ன மாமா, தப்பா ஏதும் சொல்லுதாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். ஒரு காது மந்தமாம், அம்புட்டுதான். குறையே இல்லேங்கான் பாரு, அதான் எனக்குப் பயமா இருக்கு."

குருவானவர் ஆள் அனுப்பிப் பார்த்தார். பிறகு அவரே வந்தார். "நல்ல மனுசன்தான். ஆனா எத்தன நாளைக்கு நிப்பாரு? வேற எடத்துல இருந்தும் கேக்காங்க. ஈஸ்டருக்குள்ள ஒரு பதில் சொல்லிருங்க. இல்லன்னா நான் அவருக்கு இல்லன்னு சொல்லிருதேன்" என்றார். "இன்னும் ரெண்டு பேர்ட்ட கேக்க வேண்டியிருக்கு பாஸ்டர்" என்றார் மாமா. உள்ளறையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. செத்த நேரம் கழித்து மறுபடி ஓடியது. மதினிக்கு அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

குக்கர் விசாரணையும் அதே கதியில் போனது. ஒரு சனிக்கிழமை அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போனேன். வழக்கம்போலக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு, "குக்கர் வச்சிருக்கிறவங்க செத்த சொல்லுங்க. என்ன கம்பெனி, என்ன குறை?" என்றார். டிக்கெட் கேட்கிற அதே ராகம். எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் என்று இருந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. ஒரு அம்மாவின் குக்கரில் விசிலே வராதாம், வந்தால் நிற்காதாம். எவர்சில்வரில் வாங்கினவர் அடிபிடிக்கிறது என்றார். அலுமினியத்தில் வாங்கினவர் உள்ளே கறுத்துப்போகிறது என்றார். உள்மூடி வைத்ததைக் கழுவுவதற்குள் விடிந்துவிடும் என்றார் ஒருவர். வெளிமூடி சரியாக உட்காரவில்லை என்றால் அடுப்பங்கரைக்குள் நிற்க முடியாது என்றார் இன்னொருவர். எங்கள் எதிர்வீட்டு அம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அன்று அதே பஸ்ஸில் இருந்தார். "ஏமண்டி கண்டக்டர்காரு, இம்புட்டுக் கேட்டா ஒரு குக்கரும் வாங்க முடியாது. பச்சை அரிசியத்தான் மெல்லணும்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அன்று நாங்கள் குக்கர் வாங்காமல் திரும்பி வந்தோம்.

நானே போய் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். மதினிதான், "வேண்டாம்ட்டி, அப்பா மனசு ஒடஞ்சிருவாவ" என்று தடுத்துக்கொண்டே வந்தார். கூரையில் ஒட்டிய பருப்பைத் துடைத்த பிறகும் ஒரு மஞ்சள் கறை நின்றது. அதற்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் இருட்டோடு எழுந்து, உலைப்பானையோடும் வேகாத பருப்போடும் மல்லுக்கட்டிவிட்டு, நான் ஆஸ்பத்திரிக்கும் அவர் தையல் மிஷினுக்கும் போனோம். பெண் பார்க்க வந்தபோது நான் சொன்ன முதல் குறை அந்த நாட்களில் தீர்ந்தது. இரண்டாவது குறை கூடிப்போனது. மாமாவிடம் நான் பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் மதினி பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர், கரண்டியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அலுத்துப்போச்சுட்டி" என்றார்.

அவர் பருப்பை மட்டும் சொல்லவில்லை. ஈஸ்டர் பக்கத்தில் வந்துவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மதினி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "கெளம்பு. இன்னைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போயி, வாங்கிட்டுத்தான் வாறோம்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பாத்திரக்கடைக்காரர் மாமாவைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தார். மரியாதைக்கா, தப்பித்துப் போகவா என்று தெரியவில்லை. மாமா ஏற்கெனவே அங்கே பல தடவை வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்காவது வாங்குதீயளா?"

"குறையச் சொல்லும், வாங்குதேன்."

"இந்தக் கம்பெனியில குறையே கெடையாது அண்ணாச்சி."

"அப்ப வேண்டாம்."

இப்படியே ஒவ்வொன்றாக இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஒரு அம்மா தன் குக்கரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மாமா அவரை மறித்து, "எதுக்கு இத எடுத்தீய? யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். அந்த அம்மா பயந்துபோய்ப் பையைத் திறந்து பார்த்தார். "அண்ணாச்சி, வாங்குனவங்களையும் வெரட்டாதீங்க" என்று கடைக்காரர் கும்பிட்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு கடை பாத்துருவோம்" என்றார்.

நான் செருப்பைத் தேடினேன். மதினி நகரவில்லை.

"அப்பா, பழைய குக்கர எப்படி வாங்குனீய?"

"அது சீர் சாமானோட சேத்து எடுத்தது."

"யார்ட்டயும் விசாரிச்சீயளா?"

"இல்ல. அப்ப எங்க நேரம்?"

"விசாரிக்காம எடுத்ததுதான இம்புட்டு வருசம் ஒழைச்சது?"

"கடைசில வெடிச்சிருச்சே!" மாமாவின் குரல் உடைந்தது. அவ்வளவு பெரிய குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "நீ அங்க நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒனக்கு இன்னொரு தடவ ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்மா. எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம விட்ருதாங்க. ரெண்டு சர்ச்சுல ஓலை வாசிச்சாங்க. ஒருத்தன் சொன்னானா? தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னானா?"

"எனக்கும் தெரியும்பா" என்றார் மதினி.

"என்ன தெரியும்?"

"நிச்சயத்தன்னைக்குப் போட்டோவுக்குப் பக்கத்துல நிக்கும்போதே வாடை அடிச்சது. எனக்கு அப்பமே பிடிக்கல. ஓலை வாசிக்கும்போது நானும் அங்கதான உக்காந்திருந்தேன். மூணு வாரமும் உக்காந்திருந்தேன்."

மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "ஏன்மா சொல்லல?"

"நீங்க கேக்கலப்பா. யாரு வாய் தொறக்காங்கன்னு சர்ச்சு பூராம் பாத்தீய. என்னப் பாக்கல. இப்பவும் அப்படித்தான். புதுப்பட்டி பூராம் கேக்கீய. குக்கருக்கு பஸ்ஸு பூராம் கேக்கீய. சமைக்கிறது நாங்க. வாழப் போறது நான். ஒரு தடவ எங்கிட்ட கேட்டீயளா?"

மதினி சத்தம் போடவில்லை. அலுத்துப்போன குரலில், துணியின் அளவைச் சொல்வது போலத்தான் சொன்னார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். முன்பின் தெரியாத என்னை முதல் நாளே பார்த்து ஒரு கேள்வி கேட்ட மனிதர், சொந்த மகளைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்துவிட்டார்.

மாமா கடை ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "சரிம்மா. ஒனக்கு எது வேணும்னு நீ சொல்லு" என்றார்.

மதினி அடுக்கின் பக்கம் போகவே இல்லை. எப்போதோ பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. நேரே கையை நீட்டி வெளிமூடி போட்ட ஒரு அலுமினியக் குக்கரைக் காட்டினார். மூன்று லிட்டர்.

"இதுல என்ன குறை?" என்று மாமா கேட்டார். இந்தத் தடவை மதினியிடம்.

"சின்னது."

"ஆமா, நம்ம அஞ்சு பேருக்கு எப்படிப் பத்தும்?"

"நாலு பேருக்குத் தாராளம்" என்றார் மதினி. மூடியின் வெயிட்டைத் திருகிக்கொண்டே சொன்னார், அப்பாவைப் பார்க்கவில்லை.

எனக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஏறுகிற ஆளையும் இறங்குகிற ஆளையும் எண்ணுவதுதானே அவர் தொழில். மதினி இறங்கப் போகிறார். புதுப்பட்டிக்குச் சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். மாமா மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதக் கட்டும்" என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் மறு பேச்சு வருவதற்குள் அட்டைப்பெட்டியைக் கட்டிவிட்டார்.

திரும்பும்போது மாமா பஸ்ஸில் உட்கார்ந்தார். கண்டக்டரே ஒரு நிமிடம் திகைத்துப் பார்த்தார். குக்கர் பெட்டி மடியில், பக்கத்தில் மதினி. மல்லி ஊரைத் தாண்டி வந்த பிறகு மாமா, "காது மந்தம்னா நீ சத்தமாப் பேசணும்லா?" என்று கேட்டார். "உங்க மகதான நான், பேசுவேன்" என்றார் மதினி. பின் சீட்டில் இருந்த நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த மூன்று லிட்டர்தான் போன வாரம் வரைக்கும் உழைத்தது. மாமா அதற்கு முன்பே போய்விட்டார். கடைசியாக எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டரிடம், "எனக்கு என்ன குறை? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையை அசைத்தேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் டாக்டரு" என்றார்.

மதினி புதுப்பட்டியில் நன்றாக இருக்கிறார். அவர் போனில் பேசினால் எனக்குக் காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காது மந்தமான வீட்டுக்காரரிடம் அப்படியே பேசிப் பழகிவிட்டார். எந்தக் குக்கர் வாங்கட்டும் என்று நேற்று கேட்டதற்கு, "ஒங்கைக்கு எது தோதோ அத எடுட்டி" என்று கத்தினார்.

என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். படிப்பு முடியப் போகிறது. "நாம ரெண்டு பேருதான, ரெண்டு லிட்டர் போதும்" என்று என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ அங்கேயே வேலைக்கு இருக்கப் போறாளா, இங்க வரப் போறாளான்னு அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன். அவர் போனைக் கீழே வைத்தார். அவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மதினியின் இரண்டாவது கல்யாணத்துக்கு ஓலை வாசித்த கடைசி ஞாயிறு அது. குருவானவர் வாசித்து முடித்தார். தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். எல்லோரும் செருமத் தயாரானார்கள். அப்போது ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருந்து மாமா எழுந்து நின்றார்.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். என் கணவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாமா குருவானவரைப் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினியை மட்டும் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு ஏதும் சொல்லணுமா?"

மதினி எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "இல்லப்பா. எனக்குச் சம்மதம்" என்றார்.

மாமா அதைக் கேட்டுக்கொண்டார். நன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குருவானவர் பக்கம் திரும்பி, தன்னை அறியாமல், அந்தப் பழைய பெரிய குரலில், "போலாம், ரைட்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.